ரெண்டாவது நம்பர்

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய குறை மறதி. முந்தி நடந்ததைப் பிந்தி எழுதிவிடுவேன், பிந்தி நடந்ததை முந்தி எழுதிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

தென்காசியில் ஒரு மாடி வீட்டில் நானும் என் மகளும் இருக்கிறோம். மருமகன் கத்தாரில். மகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் அந்த அறைதான். எங்கேயோ தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தீவிர சிகிச்சை வார்டில் எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கொடுத்தாச்சா இல்லையா என்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான் வருமாம். நர்சுகள் அதைப் பார்த்துத்தான் ஊசி போடுவார்களாம். அந்தத் திரை நின்றுபோனால் இவளுக்கு மணி அடிக்கும். இவள் உடனே உட்கார்ந்து அதை ஓட வைக்க வேண்டும்.

"நின்னுட்டா என்னட்டி ஆகும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆயிரும்மா. யாருக்கு எதைக் குடுத்தோம்னு அவங்களுக்கே தெரியாது."

அதிலிருந்து அந்தச் சாத்தின கதவைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் அந்த வார்டே இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். காபி கொடுக்கப் போனால்கூட காலைச் சத்தம் இல்லாமல் வைப்பேன்.

போன வருஷம் அவள் வேலைக்காக ஒரு பரீட்சைக்குப் படித்தாள். அடுப்படியில் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் எனக்குச் சொல்லிப் பார்ப்பாள். எனக்குப் புரிந்துவிட்டால் பரீட்சையில் பயமில்லையாம்.

"ஒரு சாமான் உதவுதாங்கது ஒண்ணும்மா. வேண்டிய நேரத்துல அதை நம்பலாமாங்கது வேற ஒண்ணு. இப்ப குடை இருக்கு. மழைக்கு உதவும். நம்ம ஊரு ஆனி ஆடிக் காத்துல?"

"செங்கோட்டைப் பக்கம் இருந்து ஒரு அடி அடிச்சா கம்பி மானத்தைப் பாத்து நிக்கும்."

"அதான். உதவும், நம்ப முடியாது. ரெண்டும் சேந்து இருந்தாத்தான் மதிப்பு. ஒண்ணு மட்டும் இருந்தா இல்லாததுக்குச் சமம்."

"அப்ப உங்க அப்பாவும் குடைதான்" என்றேன். "மோட்டாரு, ரேடியோ, தையல் மிஷினு, எது கெட்டாலும் சரி பண்ணுவாரு. நீ பொறக்கப் போற அன்னைக்கு ஆளைக் காணும். புளியறை செக்போஸ்ட்ல எவன் லாரிக்கோ அடியில படுத்துக் கெடந்தாரு."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பரீட்சையில அப்பாவை எழுதிட்டு வாரேன்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ அப்படி இல்லம்மா. நீ ரெண்டும்" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மாடித் தொட்டி நிரம்பி வழிந்து கீழ்வீட்டுக்காரி சத்தம் போட்டாள். நான் ஸ்விட்சின் மேல் பழியைப் போட்டேன். எலெக்ட்ரீஷியன் வந்து நல்லா இருந்த ஸ்விட்சைக் கழற்றி வேறு மாட்டிவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டதும் உண்டு. பிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பதும் உண்டு. அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பெரிசாகிவிடும் என்று பயம்.

அப்புறம் அவளோடு கூட வேலை பார்த்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். அங்கேதான் ஆரம்பம்.

கம்பெனியில் ஒரு வழக்கம். மணி முதலில் வேலையில் இருக்கிறவருக்கு அடிக்கும். ரெண்டு நிமிஷத்துக்குள் எடுக்காவிட்டால் ரெண்டாவது நம்பருக்குப் போகும். அதையும் எடுக்காவிட்டால் மூன்றாவதாகச் சென்னையில் இருக்கிற பெரிய சாருக்குப் போகும். விட்டுப்போன பெண்தான் இவளுக்கு ரெண்டாவது நம்பர். அந்த இடம் காலி. இவள் என் நம்பரை எழுதிவிட்டாள்.

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"அதுல நம்பர்தான் கேட்டிருக்கு, யாருன்னு கேக்கலம்மா. புது ஆள் வர வரைக்கும்தான். நீ எங்கயும் போறதில்ல, போன் எப்பவும் இடுப்புலயே இருக்கு. உன்னைவிட யாரு? 'ஆஸ்பத்திரி'ன்னு பேரு வரும். எடு. இங்கிலீஷ்ல ஒரு பொம்பளைக் குரல் பேசும், அது மிஷினு. நீ ஒண்ணாம் நம்பரை அமுக்கிட்டு என்னைக் கூப்பிடு. அமுக்குனாத்தான் அடிக்கது நிக்கும்."

மாதம் ஒரு தடவை சோதனைக்கு அடிப்பார்கள். நான் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பேன், ஒன்றை அமுக்குவேன், கதவைத் தட்டிச் சொல்லுவேன். "சூப்பரும்மா" என்பாள். அந்த மிஷின் கணக்கில் என் நம்பர் ஒரு தடவையும் தவறாத நம்பர் என்று இருந்ததாம். ஒரு மாதம் மட்டும், அமுக்கிவிட்டு அடுப்பில் பால் பொங்க, அதைப் பார்க்கப் போனவள் அவளிடம் சொல்லவே இல்லை. மறுநாள் ஞாபகம் வந்தது. சோதனைதானே, ஒன்றும் நடக்கவில்லையே என்று விட்டுவிட்டேன். மிஷினுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆடி மாதம், சீசன் நல்லா இருந்த சமயம். கடையத்திலிருந்து அவளுடைய நாத்தனார் காரில் வந்து இறங்கினாள், ரெண்டு பெண்பிள்ளைகளோடு. நல்ல மனுஷி. ஆனால் பேச ஆரம்பித்தால் மற்றவர் வாய் திறக்க இடம் கொடுக்க மாட்டாள்.

"ஏட்டி, குத்தாலத்தை இங்கன வச்சுக்கிட்டு ஒரு நாள் தலை நனைச்சிருக்கியா? ஊரெல்லாம் இருந்து பஸ்ஸு போட்டு வருதான். நீ ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருக்க."

"மைனி, ரெண்டு மணியில இருந்து டூட்டி."

"டூட்டியை நாங்க என்ன அருவியிலயா கொண்டு போடப் போறோம்? கால் மணி நேரம். கம்ப்யூட்டரைக் கார்ல வை. போனை அத்தைகிட்ட குடு. அத்தை எப்படியும் துணிக்குக் காவல்தானே?"

அது உண்மைதான். குற்றாலத்துக்கு எத்தனை பேர் போனாலும் ஒருவர் வெளியே உட்கார்ந்து துணிப்பையைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் குடும்பத்தில் பல வருஷமாக அது நான்தான். நான் அருவியில் தலை கொடுத்துப் பல வருஷம் ஆகிறது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் "போயிட்டு வா, நான் இருக்கேம்லா" என்றேன். அவளுக்கு ஆசையாக இருந்தது. எனக்கு அது தெரிந்தது.

மூன்று மணி இருக்கும். ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தபோதே மலையைக் காணவில்லை. மேகம் கீழே இறங்கி மரங்களை முழுங்கி வைத்திருந்தது. பகலிலேயே கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. தண்ணீர் அதிகம். போலீஸ்காரர்கள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கலங்கினால் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள்.

மகள் தன் போனையும் என் போனையும் ஒரே பாலிதீன் கவரில் போட்டு, சாரல் படாமல் முடிச்சுப் போட்டு என் மடியில் வைத்தாள். "பாத்துக்கோம்மா" என்றாள். முதல் நம்பரும் ரெண்டாவது நம்பரும் ஒரு முடிச்சுக்குள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. பரீட்சையில் அவள்தான் முதல் மார்க்கு.

பெண்கள் பக்கம் அவர்கள் உள்ளே போனார்கள். அருவிச் சத்தம் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதையே கேட்க விடாது. என் மடி மேல் பை, பைக்கு மேல் துண்டுகள், அதற்கு மேல் என் ரெண்டு கை. எதிரே கம்பி வேலியில் ஒரு தாய்க்குரங்கு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் மகளுடைய போன் நடுங்கியது. சத்தம் கேட்கவில்லை, மடியில்தான் தெரிந்தது. முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. ஈரம். பல்லால் கடித்து அவிழ்ப்பதற்குள் அது நின்றுவிட்டது. நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு என்னமோ நிம்மதி. உடனே என் போன் நடுங்க ஆரம்பித்தது. 'ஆஸ்பத்திரி' என்று பெயர் வந்தது. காதில் வைத்தேன். அருவிதான் கேட்டது. அந்தப் பெண் குரல் பேசியதா இல்லையா தெரியாது. நான் ஒன்றை அமுக்கினேன்.

நடுக்கம் நின்றது. அழுத பிள்ளை மாரில் வாய் வைத்ததும் அடங்குமே, அப்படி.

பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன். வரிசையில் நூறு பேர். படியெல்லாம் வழுக்கல். பெண் போலீஸ் விசில் ஊதினாள்.

"ஆச்சி, பையோட உள்ள போகக் கூடாது."

"எம் மக உள்ள இருக்கா..."

"எல்லாரும் யாரோ ஒருத்தரோட மகதான் ஆச்சி. வருவாவ. அங்கன போய் உக்காருங்க."

ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வார்டு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "வயசான காலத்துல வரிசையில புகுந்து போகப் பாக்காவ" என்றாள். எனக்கு முகமெல்லாம் கூசிப்போனது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். இதோ வந்துவிடுவாள், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று.

அப்புறம் அந்தக் குரங்கு பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையின் கையிலிருந்து நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கியது. பிள்ளை வீறிட்டது. நான் துண்டை வீசி விரட்டினேன். மூன்று பெண்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அதெல்லாம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் சட்டை நிறம்கூட.

அவர்கள் வந்தார்கள். உதடெல்லாம் நீலம், பல்லு தந்தியடிக்கிறது. மகள் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சு. துண்டைக் கொடுத்தேன், தலை துவட்டினேன். நாத்தனார் சீப்பைக் காணோம் என்றாள், நானும் சேர்ந்து தேடினேன். பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம். காரில் ஏறும்போது மகள் கேட்டாள்.

"போன் அடிச்சுதாம்மா?"

"இல்லையே" என்றேன்.

அவள் கவரைப் பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது. போனை எடுத்துப் பார்த்தவள் முகத்திலிருந்த ரத்தம் அப்படியே இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஈரத் தலையோடு கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் திறந்தாள். வண்டியை ரோட்டோரம் நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியில் சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. நாத்தனார்கூட வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் திரும்பாமலே, "ஒண்ணை அமுக்கியிருக்கியேம்மா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டின மாதிரி மொத்தமாக வந்தது.

அன்றைக்கு அந்தத் திரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தது.

ரெண்டு நாள் கழித்துச் சென்னை சார் கம்ப்யூட்டரில் வந்து விசாரித்தார். கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான்.

"ஒண்ணு அமுக்கினா 'நான் பார்த்துக்கிறேன்'னு அர்த்தம். அதோட சிஸ்டம் யாரையும் கூப்பிடாது. அமுக்காம விட்டிருந்தா ரெண்டாவது நிமிஷம் எனக்கு வந்திருக்கும். நான் டேபிள்லதான் இருந்தேன். அமுக்கினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் என் மகள்.

கதவைத் திறந்துகொண்டு எப்படி உள்ளே போனேன் என்று எனக்குத் தெரியாது. திரையில் மூன்று முகம். என் முகமும் ஒரு ஓரத்தில் தெரிந்தது, யாரோ கிழவி மாதிரி.

"அவ இல்ல சார். நான் அமுக்குனேன். எம் மக குளிச்சிக்கிட்டு இருந்தா."

"நீங்க யாரும்மா?"

"ரெண்டாவது நம்பரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அமுக்கினா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொன்னாங்களா அம்மா?"

"அடிக்கது நிக்கும்னு தெரியும் சார். அவகிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

அவர் கோபமே இல்லாமல், "நீங்க எடுக்காமலே இருந்திருக்கலாம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த முக்கால் மணி நேரம் வார்டில் நர்சுகள் வேலை மாறுகிற நேரமாம். போனவர் கொடுத்த மருந்தை வந்தவரும் கொடுத்துவிட்டார், ஒரே ஒரு கட்டிலுக்கு. மகள் சொல்லவில்லை. நான் விடாமல் கேட்டதும் சொன்னாள். ஒரு வயசான அம்மா. மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இவளுக்கே சொல்ல மாட்டார்களாம்.

அன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மோட்டார், ஸ்விட்சு, பால் பொங்கின நாள், எல்லாம். "ஏம்மா சொல்லல?" என்றாள். "நீ ரெண்டும்னு சொன்னியே" என்றேன். அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். வேலை போகவில்லை. இன்னொரு தடவை நடந்தால் போய்விடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லிஸ்ட்டிலிருந்து என் நம்பரை நீக்கச் சொல்லி எழுதிப் போட்டாச்சு என்றாள்.

காரில் நான் "இல்லையே" என்று சொன்னேனே, அது மறதியா, பயமா? சாரிடம் மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த வரிசைப் பெண்களின் பார்வையும் விசில் சத்தமும்தான் முன்னால் வருகிறது. மறந்தேனா, மறக்க வேண்டும் என்று நினைத்தேனா, எனக்கே நிச்சயம் இல்லை.

இனி சொல்வது ஐப்பசியில் நடந்தது. மகளுக்கு அன்றைக்கு லீவு, அவள் இடத்தில் வேறு ஆள் டூட்டி. பாங்குக்குப் போயிருந்தாள். வெளியே மழை கட்டிக்கொண்டு இருட்டிக் கிடந்தது. மூன்று மணி வாக்கில் அடுப்படி மேடையில் இருந்த என் போன் நடுங்கியது. தட்டுகளின் மேல் அது நகர்ந்து நகர்ந்து வந்தது. 'ஆஸ்பத்திரி' என்று இருந்தது.

என் நம்பரை லிஸ்ட்டிலிருந்து நீக்கவில்லை போல.

கை தானாகப் போனது. அத்தனை மாதம் பழகின கை. சுவரோடு சாய்ந்து நின்று ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அடிக்கட்டும். அடித்து ஓய்ந்தால் அந்த சாருக்குப் போகும். எங்கேயோ ஒரு வார்டில் திரை கறுத்துக் கிடக்கிறது, ஒருத்தி கையில் ஊசியோடு நிற்கிறாள், நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு உயிர் கூப்பிடும்போது எடுக்காமல் நிற்பதுதான் சரி என்றால் அதை என் உடம்பு ஒப்பவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

அந்த அமைதியை என்னால் எழுத முடியாது.

மகள் வந்ததும் சொன்னேன். "சோதனையா இருக்கும்மா, பழைய லிஸ்ட்ல கெடந்திருக்கும்" என்றாள். ஆனாலும் அப்போதே போனைப் போட்டுக் கேட்டாள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். நாள் ஆகிவிட்டது, யாரும் சொல்லவில்லை. அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்கும் பயம் வந்துவிடுகிறது. அதனால் கேட்பதில்லை.

நான் எழுதினதில் மணி தப்பாக இருக்கலாம், மாதம் தப்பாக இருக்கலாம், போலீஸ் சொன்ன வார்த்தைகூட வேறாக இருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் யாராவது அந்த மிஷின் கணக்கிலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு மத்தியானம் என் போன் அடித்து ஓய்ந்ததே, அதற்கப்புறம் அது சென்னையில் அந்த சார் வீட்டில் அடித்ததா?